'நார்மல்' என்று யார் முடிவு செய்வது? செந்தூல் தங்கைக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு இருபத்தாறு வயது. சில மாதங்களாக வேலைக்குப் போவதில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரவில் யாரிடமோ பேசுவதுபோல முணுமுணுக்கிறார், குளிப்பதும் குறைந்துவிட்டது. அம்மா செய்வினை என்கிறார், மாமா சோம்பேறித்தனம் என்கிறார், பக்கத்து வீட்டில், மனநோய் மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரைச் சொல்லி, 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று காதுபடவே பேசுகிறார்கள். இவர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரோ, இயல்பு என்பதே சமூகம் கட்டியதுதான், மனநோய் என்பது அதிகாரத்தில் இருப்பவர்கள் குத்தும் முத்திரை என்று பாடம் நடத்தியிருக்கிறார். 'யார் சொல்வதைக் கேட்பது? அண்ணனுக்கு உண்மையிலேயே நோயா, இல்லை நாமாகத்தான் அப்படிச் சொல்கிறோமா?'

விரிவுரையாளர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதி ரொம்பவே சரி. மீதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் அண்ணனுக்குக் கெடுதல். நான் கோலாலம்பூரில் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து எழுதும் ஆள் இல்லை, மருந்து எழுதிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கிற ஆள். அதனால் படித்ததையும் பி.பி.ஆர் எனும் அரசு மலிவு ஃபிளாட் மாடிகளில் பார்த்ததையும் கலந்துதான் எனக்குச் சொல்ல வரும்.

முதலில் அந்தச் சரியான பாதி. 1851-ல் அமெரிக்காவில் லூசியானா பக்கம் சாமுவேல் கார்ட்ரைட் என்றொரு மருத்துவர், எஜமானிடமிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதினார். அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார், சிகிச்சையாகச் சவுக்கடியையும் சொன்னார். அடிமையாக இருப்பது இயல்பு என்று ஊரே நம்பிவிட்டால், ஓடுகிறவன் மூளையில்தானே கோளாறு இருக்க வேண்டும்!

அது எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941 வரை, வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிற தமிழன் இறங்கி நிற்க வேண்டும். அதுதான் அன்றைக்கு இயல்பு. இறங்காதவன் திமிர் பிடித்தவன், தலைக்கு ஏறியவன். அந்த ஆண்டு ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பளத்தோடு சேர்த்து, சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லக் கூடாது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இங்கே யாரும் அதற்கு நோய்ப்பெயர் வைக்கவில்லை, 'கலகக்காரர்கள்' என்றதோடு நின்றுவிட்டார்கள். ஆனால் நாள் முழுக்கப் பால்மரத்தில் நின்றுவிட்டுச் சாயங்காலம் கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பவனைப் பார்த்துப் பதறாத ஒரு ஏற்பாடு, சைக்கிளில் நிமிர்ந்து போனவனைப் பார்த்துப் பதறியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கள்ளுக்கடைக்குப் பிறகு திரும்பி வருவேன்.

மருத்துவப் புத்தகமே பலமுறை கோட்டை மாற்றிப் போட்டிருக்கிறது. எது மனநோய் என்று பட்டியல் போடும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் 1973 டிசம்பர் வரை ஓரினச்சேர்க்கை ஒரு நோய். நிர்வாகக் குழு அதை நீக்கியதும் ஒரு பிரிவினர் எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடந்தது, 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். காசநோயை யாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் இருந்து எடுக்க 1990 ஆனது. மலேசியாவில் மருத்துவர்கள் அந்தப் பட்டியல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், சட்டப் புத்தகத்திலோ அதை ஒட்டிய செயல்கள் இன்னும் குற்றம்தான். சோவியத்தில் நடந்தது இன்னும் மோசம். அரசை விமர்சித்தவர்களை 'மந்தமான மனச்சிதைவு' (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி மருத்துவமனையில் அடைத்தார்கள், உலகம் கேள்வி கேட்கத் தொடங்கியதும் 1983-ல் சோவியத் சங்கம் உலக மனநல அமைப்பை விட்டே வெளியேறியது.

நம் மண்ணிலேயே 'லாத்தா' இருக்கிறதே. கம்பத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் திடுக்கிட்டால் வாயில் வந்ததைச் சொல்லுவார்கள், எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே திருப்பிச் செய்வார்கள், பிள்ளைகள் வேண்டுமென்றே தட்டிவிட்டுச் சிரிப்பார்கள். ஊருக்கு அது ஒரு வேடிக்கையான குணம், அவ்வளவுதான். சிங்கப்பூர் மனநோய் விடுதியில் இருந்த கில்மோர் எல்லிஸ் என்ற மருத்துவர் 1897-ல் அதை மலாய்க்காரர்களின் மனநோய் என்று எழுதினார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1994-ல் வந்த டிஎஸ்எம் பின்னிணைப்பில்கூட லாத்தாவும், திடீரென்று வெறிகொண்டு கண்டவரைத் தாக்கும் அமோக்கும் இருந்தன. 2013 பதிப்பில் அந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள், இரண்டுமே அதில் இல்லை. லாத்தா பாட்டிகளுக்கு இது எதுவுமே தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆக, கோட்டைப் போடுவது ஊர்தான், காலம்தான், சில நேரம் சம்பளம் கொடுக்கிறவன்தான். இதில் எனக்கும் விரிவுரையாளருக்கும் சண்டை இல்லை.

ஆனால் சமூகம் கோடு போடுகிறது என்றாலே அது கண்மூடித்தனமாகத்தான் போடும் என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு பத்துமலை ஆற்றங்கரையில் போய் நின்று பாருங்கள். பக்தியை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வார்டில் நிற்பதுபோல நின்று பாருங்கள். உருமி மேளம் காதைப் பிளக்கும், சாம்பிராணிப் புகையில் கண் எரியும், ஈரத்துண்டோடு ஒரு பையன் நடுவில் நிற்பான், சுற்றி நண்பர்கள் 'வேல் வேல்' என்று அடித்தொண்டையில் கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் நடுங்கும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே வரும். வயதான ஒருவர் நெற்றியில் விபூதியை அழுத்தி வைத்து, கண்ணையே உற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் அலகை எடுப்பார். சிலரிடம் எடுக்கமாட்டார். 'இது அருள் இல்லப்பா, அப்படி ஓரமா உட்கார வெச்சு தண்ணி குடு' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். விரதம் இருந்தானா, வீட்டில் என்ன நிலைமை, நேற்று குடித்தானா, சொன்ன பேச்சு உள்ளே போகிறதா, மற்றவர் மேல் விழுகிறானா, மேலே குகையில் அலகை எடுத்து விபூதி வைத்ததும் இறங்கி வருவானா. 'வர்றது பெருசு இல்ல தம்பி, திரும்பி வரணும்' என்றார். இப்போது டிஎஸ்எம்மை எடுத்துப் பாருங்கள். தன்னிலை மறக்கும் கோளாறு என்று சொல்ல வேண்டுமென்றால், அது அந்தப் பண்பாட்டில் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக இருக்கக் கூடாது, துன்பமோ முடக்கமோ தர வேண்டும் என்று அங்கேயும் நிபந்தனை. மலேசியத் தைப்பூசத்தைப் பற்றி 1984-ல் விரிவாக எழுதிய உளவியலாளர் காலின் வார்ட்டும், சடங்குக்குள் ஊர் துணையோடு வந்து போகிற அருளையும் சடங்குக்கு வெளியே கட்டுப்பாடில்லாமல் ஆளைப் பிடித்துக்கொள்கிற நிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. ஆற்றங்கரைப் பெரியவர் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஒரு சமூகம் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற கண் அது, அதுவும் சமூகம் கட்டியதுதான், அதற்காக அது பொய் ஆகிவிடாது.

உங்கள் அண்ணன் விஷயத்தில் அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் நானும் கேட்பேன். இரவில் யாரிடமோ பேசுகிறார், சரி. திரும்பி வருகிறாரா?

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். சமூகம் நோயின் வடிவத்தை மாற்றும், அதன் குரலை மாற்றும், எவ்வளவு நாள் இருக்கும் என்பதைக்கூட மாற்றலாம், ஆனால் இல்லாத நோயாக ஆக்கிவிடாது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று நம் மொழிக்காரர்களிடமிருந்தே வந்தது. தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளரும் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மருத்துவர் பத்மாவதி உள்ளிட்டோரும் சேர்ந்து, குரல்கள் கேட்கிற தீவிர மனநோயாளிகள் 60 பேரிடம் பேசினார்கள். கலிஃபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவை, கொடூரமானவை, வெட்டு குத்து என்று பேசுபவை. சென்னையில் பலருக்குக் கேட்டது அம்மா, மாமியார், அக்கா குரல்கள். குளி, சமை, நேரத்துக்குச் சாப்பிடு என்கிற மாதிரி. திட்டுவதும் உண்டு, ஆனால் சொந்தக்காரர் திட்டுவதுபோல. அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நோயில்கூட நம் ஆட்களை விட்டு மாமியார் போகவில்லை.

ஆனால் கவனியுங்கள், மூன்று ஊரிலும் குரல் கேட்டது. மூன்று ஊரிலும் அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள், வாழ்க்கை கலைந்தவர்கள். பேச்சைச் சமூகம் எழுதிக் கொடுத்திருக்கலாம், குரலை அது உண்டாக்கவில்லை. உங்கள் விரிவுரையாளர் இந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தியிருக்கலாம்.

எண்ணிக்கைகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய சுகாதார ஆய்வு 2015-ல், பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை என்றது. மூன்றில் ஒருவர் என்று பத்திரிகைகள் அலறின. 2019-ல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு என்றது, 2023-ல் 4.6. எட்டே வருடத்தில் நாடு குணமாகி மறுபடி நோய்ப்படவில்லை. முதல் ஆய்வு பொதுவான மன உளைச்சலை வலைபோட்டுப் பிடித்தது, பிந்தையவை கடந்த இரண்டு வாரத்து மனச்சோர்வு அறிகுறிகளை ஒன்பது கேள்விகளில் மட்டும் கேட்டு, பத்து மதிப்பெண்ணும் அதற்கு மேலும் என்று கோடு போட்டன. அந்த ஒன்பது கேள்வித்தாளை உருவாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்பிட்சர், 1973-ல் ஓரினச்சேர்க்கையைக் கையேட்டிலிருந்து எடுப்பதற்கான வாசகத்தை எழுதியவரும் அவரே. கோடு எப்படி நகரும் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நகர்கிற கோட்டை வீட்டுக்குள் பார்க்க வேண்டுமானால் சாவு வீட்டைப் பாருங்கள். துக்கம் எத்தனை நாள் இருந்தால் இயல்பு? 1994 கையேட்டில், இறந்து இரண்டு மாதம் வரை அழுகையும் தூக்கமின்மையும் இருந்தால் பொதுவாக அதை மனச்சோர்வு நோய் என்று எழுத வேண்டாம் என்று விலக்கு இருந்தது. 2013-ல் அந்த விலக்கை எடுத்தார்கள், பெரிய சண்டையே நடந்தது. 2022-ல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று தனியாக ஒன்று வந்தது, பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலோ ஆறு மாதம், கூடவே அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை.

நம் வீடுகளில் பதினாறாம் நாள் கருமாதி, அப்புறம் வருட திவசம் வரைக்கும் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, கல்யாண வீட்டில் முன்னால் போய் நிற்பது கிடையாது. யாரும் மனநலம் படித்து வைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம் அழுகிறவளைப் பார்த்து 'இன்னுமா' என்று யாரும் கேட்கமாட்டார்கள், வருட திவசம் முடிந்ததும் 'சரி, இனிமே புதுத்துணி கட்டு' என்று உறவுகளே கையைப் பிடித்து எழுப்பிவிடுவார்கள். அழுவதற்கும் இடம், நிறுத்துவதற்கும் தேதி. இப்போது என்ன ஆகிவிட்டது? பெரும்பாலான கம்பெனிகளில் பெற்றவர் இறந்தால் இரண்டு மூன்று நாள் லீவு, அதுவும் தனியார் துறையில் சட்டம் கட்டாயப்படுத்தியது இல்லை, முதலாளி கொடுப்பது. கருமாதியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுகிறோம், சில வீடுகளில் மூன்றாம் நாளோடு முடித்துவிடுகிறார்கள். நாலாம் நாள் எல்.ஆர்.டி ஏறி வேலைக்குப் போகிற பெண் கழிவறைக்குள் உட்கார்ந்து அழுதால், மேலாளர் அவளை ஆலோசகரிடம் அனுப்புகிறார். அவள் அழுகை மாறவில்லை. அழுவதற்குக் கொடுத்த இடம்தான் சுருங்கிவிட்டது. இப்படி நோயாளியானவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் வராது, ஏனென்றால் அதற்கு ஒரு கேள்வி இல்லை.

அப்புறம், எதிர்த்திசையிலும் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, இதைத்தான் நம்மவர்கள் பேசுவதில்லை. கள்ளுக்கடைக்குத் திரும்பி வருவேன் என்றேனே. தோட்டம் போய்விட்டது, கள்ளுக்கடையும் போய்விட்டது, ஃபிளாட்டுக்குக் கீழே மலிவு சாராயப் புட்டி வந்துவிட்டது. தினமும் குடித்துவிட்டு வந்து சட்டியைத் தூக்கி எறிகிற அப்பாவை நம் ஊர் 'கவலையில குடிக்கிறான், மனசு தங்கம்' என்கிறது. முப்பது வயதில் கல்யாணம் வேண்டாம், தனியாக வீடு எடுத்துக்கொள்கிறேன் என்று தெளிவாகப் பேசுகிற மகளைத்தான் 'இதுக்கு ஏதோ ஆயிடுச்சு, யாரையாவது பாருங்க' என்று எங்களிடம் கூட்டி வந்தார்கள். என் வேலைக்காலத்தில் குடும்பம் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தவர்களில், வந்தவருக்கு ஒன்றும் இல்லை, கூட்டி வந்தவருக்குத்தான் சிகிச்சை தேவை என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. சொல்ல முடியாது, அதிகாரிக்கு அழகில்லை.

அம்மாக்களோ வரவே மாட்டார்கள். வந்தாலும் மனசைப் பற்றி வரமாட்டார்கள். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் கேஸ்ட்ரிக், தலைபாரம், நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி, ராத்திரி கை கால் எரிச்சல். ரத்தம் எடுத்தால் எல்லாம் சரி. மாத்திரை வாங்கிக்கொண்டு போவார், அடுத்த மாதம் மறுபடி வருவார். ஒருநாள் டாக்டர் வேறு எதற்கோ, 'வீட்டுல யார் யாரும்மா இருக்காங்க' என்று கேட்டுவிட்டால் போதும், பொலபொலவென்று கண்ணீர். சீனாவின் ஹுனானில் 1980-களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் என்பவர் நரம்புத் தளர்ச்சி என்று சிகிச்சை பெற்ற 100 பேரைப் பரிசோதித்ததில், அமெரிக்க அளவுகோலின்படி 87 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களும் தலைவலி, களைப்பு என்றுதான் வந்தவர்கள். உடம்பு வலிக்கிறது என்றால் குடும்பம் உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்கும், மனசு வலிக்கிறது என்றால் 'எங்களுக்கெல்லாம் இல்லாத கஷ்டமா' என்று கேட்கும். அந்த அம்மா ஏமாற்றவில்லை, தனக்குத் திறந்திருக்கும் கதவு வழியாக வருகிறார்.

சட்டமும் சமூகத்தின் கைதான். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர்மீது வழக்குப் போட, ஓராண்டு வரை சிறை தர, நம் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2023-ல்தான் அதை நீக்கினார்கள். அதுவரைக்கும் வார்டில் படுத்திருப்பவரின் குடும்பம் டாக்டரைவிடப் போலீஸ்காரரைப் பார்த்துப் பயந்தது, தெரியாமல் குடித்துவிட்டார், வழுக்கி விழுந்துவிட்டார் என்று கதை கட்டியது. உண்மையைச் சொன்னால்தானே உதவி கிடைக்கும்? நம் நாட்டில் இந்த விஷயத்தில் இந்தியர்களின் விகிதம் மற்ற இனங்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. கோயில் ஆண்டுக்கூட்டத்தில் இதைப் பேசியதாக நான் கேட்டதில்லை, அன்னதானக் கணக்கைத்தான் மூன்று மணிநேரம் பேசுவார்கள்.

தஞ்சோங் ரம்புத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மருத்துவமனை 1911-ல் ஆங்கிலேயர் காலத்தில் திறந்தது, இன்றைய பெயர் ஹாஸ்பிடல் பஹாகியா. நகரத்தை விட்டுத் தள்ளி, சொந்தத் தோட்டமும் நிலமுமாக, போனவர்கள் லேசில் திரும்பாத இடமாகப் பல காலம் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர் வசவாக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நிலைமை வேறு. பெரும்பாலானவர்கள் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குத்தான் வருகிறார்கள், பலருக்கு வெளிநோயாளியாகவே போதும். உங்கள் பக்கத்து வீட்டார் பயப்படுவது அவர்களுடைய தாத்தா காலத்து மருத்துவமனையைப் பார்த்து.

அம்மா சொல்லும் செய்வினைக்கு வருவோம். பூசாரி வேண்டாம் என்று அம்மாவோடு சண்டை போடாதீர்கள், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு சிறிய கோயிலில் வந்து தங்கிய 31 தீவிர மனநோயாளிகளைப் பற்றி 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருந்து கிடையாது, சில வாரத் தங்கல், சாதாரண கோயில் வேலை, திட்டாத மனிதர்கள். அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆதரவான இடமே ஒரு மருந்து என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டில், ஏர்வாடியில் சங்கிலியால் கட்டி வைத்திருந்த நோயாளிகள் குடிசை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கை என்ற பெயரில் இரண்டும் நடக்கும். ஆகவே கோயிலுக்குக் கூட்டிப்போகட்டும், விபூதி பூசட்டும். அடிப்பது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது, ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பது, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இதில் ஒன்று வந்தாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள், அது பூசாரியானாலும் போமோ எனும் மலாய் மந்திரவாதியானாலும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக. அண்ணன் வேலைக்குப் போகாததும் ஊரோடு ஒட்டாததும் மட்டும் என்றால் நான் அவசரப்படமாட்டேன், மாமாவின் அளவுகோலில் பாதி இளைஞர்கள் நோயாளிகள்தான். ஆனால் தூக்கம் மாறியிருக்கிறது, தன்னைக் கவனித்துக்கொள்வது குறைந்திருக்கிறது, இல்லாத ஆளோடு பேச்சு இருக்கிறது, மாதக்கணக்கில் நீடிக்கிறது. இதை நேரில் பார்க்காமல் என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, யாரும் சொல்லக் கூடாது. தைராய்டிலிருந்து போதைப்பொருள் வரை இதற்குக் காரணமாக இருக்கலாம், அதையும் சோதிப்பார்கள். ஒருவேளை மனச்சிதைவின் தொடக்கமாக இருந்தால், தள்ளிப்போடப் போட குணமாவது கடினமாகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம். விரிவுரையாளரின் கோட்பாட்டுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அவரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்.

அண்ணனிடம் 'உனக்குப் பைத்தியமா' என்று தொடங்காதீர்கள், 'நீ சரியாத் தூங்கிப் பல நாள் ஆச்சு, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்ப்போம்' என்று தொடங்குங்கள். குரல் கேட்கிறதா என்று கேட்கலாம், கேட்பதால் அது அதிகமாகிவிடாது. என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மற்றபடி அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் போதும், ஒரு வெள்ளி. அங்கிருந்து நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள், அங்கே ஐந்து வெள்ளி. கொஞ்சம் தேறிய பிறகு மெந்தாரி என்கிற சமூக மனநல மையங்களில் வேலைக்குத் திரும்ப உதவுகிறார்கள். தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு அட்டையும் உண்டு, அதில் மனநலப் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்த அட்டை வந்தால் பொண்ணு கிடைக்காது என்று பல அம்மாக்கள் மறுத்துவிடுவார்கள். முத்திரைக்குப் பயந்து உரிமையையும் விடுவது நம் வீடுகளில் சாதாரணம், அதை முடிவு செய்ய வேண்டியவர் அண்ணன், தேறிய பிறகு, அவரே.

அவர் வர மறுத்தால் நீங்களும் அம்மாவும் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். என்றைக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், என்ன பேசுகிறார் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு இருக்கும் பத்து நிமிடத்தில் அந்தத் தாள் நிறைய வேலை செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 15555, சுகாதார அமைச்சின் உதவி எண். பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் தொண்டர்களும் இருக்கிறார்கள், 1970-லிருந்து கோலாலம்பூரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அந்த எண்கள் அண்ணனுக்கு மட்டும் இல்லை தங்கச்சி, உங்களுக்கும்தான். மாமாவை நான் சமாளிக்க முடியாது, அவரை அண்ணன் அறைக்கு வெளியே வைத்திருங்கள்.